சாண்டா மோனிகாவின் சின்ன ரன்வே

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் போகிறவர்கள் சாண்டா மோனிகாவில் கடற்கரையையும், கடலுக்குள் நீளும் மரப்பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. 2028 டிசம்பர் 31-க்குப் பிறகு அதை மூடிக்கொள்ள நகர சபைக்கு உரிமை உண்டு. மூடுவது என்பதில் சபையும் உறுதியாக இருக்கிறது. அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்றே போனேன்.

பார்வை மாடத்தில் நின்றபோது செஸ்னா என்ற சிறிய விமானம் ஒன்று இறங்கியது. பக்கவாட்டில் காற்று, ஒரு சிறகைச் சாய்த்தபடியே வந்து, முதலில் இடது சக்கரம், அப்புறம் வலது, கடைசியாக மூக்குச் சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தது. பெரிய விமான நிலையங்களில் கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து இதைப் பார்க்க முடியாது. ரன்வே முடிந்தால் வேலி, வேலி தாண்டினால் தெரு, தெரு தாண்டினால் வீடுகள்.

அந்த வீடுகளின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1924-ல் உலகை முதன்முதலில் வான்வழியே சுற்றிவந்த, டக்ளஸ் நிறுவனம் தயாரித்த விமானங்கள் கிளம்பிய இடம் இது. 1935 டிசம்பர் 17 அன்று அந்த நிறுவனத்தின் டிசி-3 ரகப் பயணிகள் விமானம் முதன்முதலாகப் பறந்ததும் இங்கேதான். இரண்டாம் உலகப் போரில் டக்ளஸ் தொழிற்சாலைக்கு ஆள் குவிந்தார்கள். அவர்கள் குடியிருக்கத்தான் பக்கத்தில் சன்செட் பார்க் என்ற குடியிருப்பு வளர்ந்தது. எதிரி விமானங்களை ஏமாற்றத் தொழிற்சாலைக் கூரைமேல் கோழிவலையும் சாக்குத்துணியும் கொண்டு பொய் வீடுகள், பொய் மரங்கள் என்று ஒரு ஊரையே அமைத்திருந்தார்கள். ஜெட் காலம் வந்ததும் நீளமான ரன்வே தேவைப்பட்டது. அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். ஜெட் தயாரிப்பு லாங் பீச்சுக்குப் போனது. விமான நிலையத்தை நம்பி வந்த குடியிருப்பே பிறகு அதை நெருக்கத் தொடங்கியது.

குடியிருப்பவர்களின் புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. சத்தம் இருக்கிறது. சிறிய பிஸ்டன் விமானங்களின் பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. குழந்தைகள் வளரும் தெருவில் அது சின்ன விஷயமல்ல. ஆனால் ஈயமில்லாத எரிபொருள் வந்துவிட்டது. அதைக் கட்டாயமாக்கலாம், பறக்கும் நேரத்தைக் குறைக்கலாம். மூடிவிட்டால் மட்டும் திரும்பி வர வழியில்லை.

அமெரிக்காவில் மத்திய அரசின் மானியம் வாங்கினால் பொதுவாக 20 ஆண்டுகளுக்கு விமான நிலையத்தை நடத்தியாக வேண்டும். மூட நினைக்கும் ஊர்கள் மானியம் வாங்குவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். இங்கே நகருக்கும் மத்திய அரசுக்கும் இடையே வழக்கு வளர்ந்து, 2028 முடியும்வரை நடத்துவது என்று 2017-ல் சமரசம் ஆனது. அந்த ஆண்டே 5000 அடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த ரன்வேயை இரு முனைகளிலும் வெட்டி 3500 அடியாக்கினார்கள்.

சிகாகோவில் அந்தப் பொறுமைகூட இல்லை. 2003 மார்ச் 30 இரவு, மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவில் மெய்க்ஸ் ஃபீல்டு என்ற சிறிய விமான நிலையத்தின் ரன்வேயில் புல்டோசர்கள் பெரிய எக்ஸ் குறிகளைத் தோண்டின. மாட்டிக்கொண்ட 16 விமானங்கள் பிறகு ரன்வேக்குப் போய்வரும் இணைப்புப் பாதையான டாக்ஸிவே வழியாகத்தான் மேலேறிப் போயின. அந்த இடம் இன்று பூங்கா.

சாண்டா மோனிகாவிலும் பூங்கா என்றுதான் பேச்சு. வாக்காளர்கள் வேறொன்றுக்குச் சம்மதித்தால் தவிர, பூங்காவும் விளையாட்டிடமும் மட்டுமே வரலாம் என்று 2014-ல் வாக்கெடுப்பில் தீர்மானித்தார்கள். ஆனாலும் 227 ஏக்கர், அதுவும் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில்! வீடு கட்டலாமே என்ற குரல் இப்போதே கேட்கிறது. அந்தக் குரல் ஓயும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுத் தட்டுப்பாடும் உண்மைதான்.

ஆனால் பறக்கப் பழகுகிறவர் எங்கே போவார்? இன்னொரு சிறிய நிலையத்துக்கு. அதைச் சுற்றியும் வீடுகள் வந்துகொண்டிருக்கும். மீதி நிலத்தைப் பூங்காவாக்கி, இந்த 3500 அடியை மட்டும் விட்டுவைக்கலாமா என்று 2028-க்குள் அந்த ஊர்க்காரர்களிடம் ஒருமுறை கேட்க வேண்டும்.