ஆற்றங்கரையில் ஜோடித்த கரகம்

மலேசியாவின் ஈப்போவுக்கு வடக்கே, சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே திரும்பினால் இப்போது இருபுறமும் செம்பனைதான், எண்ணெய்ப் பனை. நான் பிறந்தபோது அத்தனையும் பால்மரம், ரப்பர். தொழிலாளிகள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக்களத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. மாரியம்மன் கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது. பல வருடம் கழித்து இந்த ஆடித் திருவிழாவுக்குத்தான் போக முடிந்தது.

விடிவதற்குள் ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். கரகம் ஜோடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. அப்போதெல்லாம் கிட்டே விடமாட்டார்கள்.

எழுபதைத் தாண்டிய ஒரு தாத்தா, ஒரு காலத்தில் இதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பூசிய செம்பில் ஆற்றுத் தண்ணீர், செம்பின் வாயில் தேங்காய். மூங்கில் குச்சிகளைக் கூம்பாக நிறுத்தி, வேப்பிலைக் கொத்துகளைக் கீழிருந்து மேலாகக் கட்டிக்கொண்டே போனார். மேல் கொத்தின் இலை கீழ்க் கொத்தின் காம்பை மறைத்தது. நூல் எங்கே ஓடுகிறது என்றே தெரியவில்லை. பக்கத்தில் கொத்து எடுத்துக் கொடுத்த இளைஞர் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர்.

“ரொம்ப இறுக்காதப்பா, இலை நசுங்கினா மத்தியானத்துக்குள்ள வாடிடும்.”

“சரிங்க தாத்தா.”

கடையில் பிளாஸ்டிக் பூவில் செய்த கரகமே கிடைக்கிறதே என்று கேட்டேன். “ஆத்தாவுக்குக் கட்டுறது வாடத்தான் செய்யும். வாடினாத்தானே அடுத்த வருசம் கட்டுறதுக்கு ஆளு வருவான்” என்றார், தலையை நிமிர்த்தாமலேயே.

கரகம் தலைக்கு ஏறியதும் உறுமி தொடங்கியது. வளைந்த குச்சி தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் அடிவயிற்றில் வந்து நிற்கும். வாசித்தவர்கள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளில் வளர்ந்த பையன்கள். உறுமிப் பையன்கள் என்றாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம்; நானும் சுளித்திருக்கிறேன். அது தப்பு. மேட்டில் கரகக்காரரின் நடை தளர்ந்தபோது முன்னால் வாசித்தவன் திரும்பி அவர் காலையே பார்த்தபடி தாளத்தை மெதுவாக்கினான். கூட இருந்த அத்தனை பேரும் அவனோடு இறங்கி வந்தார்கள். வெறுங்காலில், சரளைக்கல் பாதையில். அவர்கள் வாசிப்பில் இருந்த பக்தியை நான் வேறு எங்கே தேடுவது?

1950களின் கடைசியில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். இந்த ஊர்க்காரரும் அப்போது அமைச்சருமான துன் சம்பந்தன், தோட்டங்களை வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்க, தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளி (டாலர்) கட்டிப் பங்கு சேர்த்தார்கள். என் தாத்தாவும் கட்டினார். அந்தப் பணம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது, எங்கள் தோட்டத்தை அல்ல. கோயில் நிலமும் இன்றுவரை கோயில் பெயரில் இல்லை. தோட்டம் கைமாறும்போதெல்லாம் அம்மன் இருப்பாளா என்ற கேள்வி வரும். சட்டத்தில் இதற்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்று கருவறைக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். எனக்கென்று வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அன்னதானப் பந்தலில் அந்த எஞ்சினியர் தம்பியைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் மஞ்சள். மீந்த நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அடுத்த வருடம் அவரையே கட்டச் சொல்லிவிட்டாராம் தாத்தா.