ஜானி வெஸ்ட்டைத் தேடி வீலிங் வரை

பிட்ஸ்பர்க் ஏர்போர்ட்டில் வாடகைக் கார் எடுக்கிறவர்கள் ஆன்லைனில் காட்டும் விலையை நம்ப வேண்டாம். நாளைக்கு 52 டாலர் என்று பதிவு செய்துவிட்டுப் போனேன். எங்கள் இன்ஷூரன்ஸ் எடுக்காமல் சாவி கிடையாது என்று கவுன்ட்டரில் இருந்தவர் அடம்பிடித்தார், அப்புறம் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று ஏற்றிக்கொண்டே போய் 119-ல் நிறுத்தினார். ஜானி வெஸ்ட் என்ற பழைய கௌபாய் பொம்மை வாங்க ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி ஊருக்குள் நுழையும் முன்பே போய்விட்டது. அநியாயம்.

சரி, வீலிங். மேற்கு வர்ஜீனியாவில் ஒஹாயோ ஆற்றங்கரை ஊர், பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே எல்ம் க்ரோவ் பகுதியில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் க்ரூகர் ஸ்ட்ரீட் பொம்மை, ரயில் மியூசியம் இருக்கிறது. ஜானி வெஸ்ட்டைச் செய்த மார்க்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் ஜூன் மாதத்தில் இங்கே கூடுவார்கள். அந்தச் சமயம் பார்த்துப் போனால்தான் முழுப் பலன்.

சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவன் நான். கட்டங்களுக்குள் பார்த்த அந்த ஆட்கள் இங்கே கிட்டத்தட்ட ஒரு அடி உயரத்தில், முழங்கை முழங்கால் மடக்கி, குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஜானி வெஸ்ட், அவன் மனைவி ஜேன், நாலு பிள்ளைகள், தண்டர்போல்ட் என்ற குதிரை, கறுப்பு உடை வில்லன் சாம் கோப்ரா. ஆரம்பகாலத் தண்டர்போல்ட்டின் குளம்புக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் இருக்கும், தள்ளினால் ஓடும். அதைப் பார்த்ததும் நேரம் போனதே தெரியவில்லை.

1964-ல் ஹாஸ்ப்ரோ என்ற போட்டிக் கம்பெனி ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாய் பொம்மையைக் கொண்டுவந்தது. அவனுக்குத் துணி உடுப்பு, அதைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மறு வருஷமே வந்த ஜானி வெஸ்ட்டுக்குச் சட்டையும் பேன்ட்டும் உடம்போடு சேர்த்தே வார்க்கப்பட்ட பிளாஸ்டிக். தொப்பி, கையில்லாத மேல்சட்டை, பேன்ட்டுக்கு மேல் கட்டும் தோல் உறை, துப்பாக்கி பெல்ட், குதிமுள் என்று இருபதுக்கும் மேற்பட்ட சாமான் ஒரே பெட்டிக்குள் வந்துவிடும். குறைந்த காசுக்கு நிறைய பொம்மை கொடு என்பதுதான் கம்பெனி முதலாளி லூயி மார்க்ஸின் கொள்கை, அதனால்தான் இது ஏழை வீட்டுப் பையன்கள் கைக்கும் போனது. அங்கே பார்த்த பெரியவர் ஒருவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜானியும் குதிரையும் சேர்ந்து கிடைத்த சந்தோஷத்தை இன்னும் அதே பையனின் குரலில் சொன்னார். அவர் பொம்மையின் தொப்பியை நாய் தின்றுவிட்டதாம். இப்போது அந்தத் தொப்பிக்காகத்தான் பொம்மை விற்பவர்களின் மேஜை மேஜையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆனால் இன்றைய விலை! பெட்டியில்லாத, மேல்சட்டை தொலைந்த ஜானி 45 டாலர். பெட்டியோடு என்றால் 260. அட்டைக்கு 200 டாலருக்கு மேலா? குழந்தை பிரித்து விளையாடிய பொம்மைக்கு மதிப்பில்லை, பிரிக்காமல் பரணில் கிடந்ததற்கு மதிப்பு என்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. சீஃப் செரோக்கி என்று ஒரு பொம்மை. செரோக்கி என்பது ஒரு இனத்தின் பெயர், அதைத் தூக்கி ஆளுக்குப் பெயராக வைத்து, சமவெளிப் பழங்குடிகளின் இறகுக் கிரீடத்தைத் தலையில் மாட்டியிருக்கிறார்கள். அபாச்சி பழங்குடிப் போராளி ஜெரோனிமோவும், பழங்குடிகளோடு போரிட்ட அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் கஸ்டரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். இந்த பொம்மைகள் எனக்கு உயிர், ஆனாலும் அவற்றை வைத்து அந்த மக்களைத் தெரிந்துகொள்ள முடியாது.

மதியச் சாப்பாட்டுக்கு சென்டர் மார்க்கெட்டில் கோல்மன்ஸ் மீன் கடை. 1914-லிருந்து இருக்கிறார்கள். ரெண்டு வெள்ளை பிரெட், நடுவே பிரெட்டைத் தாண்டி வழியும் பொரித்த மீன், அவ்வளவுதான். மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் மாதிரி. காரில் விட்ட காசெல்லாம் இந்த ஒரு சாண்ட்விச்சில் மனசளவில் திரும்பிவிட்டது. இன்னொன்று பார்சல் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் ஆற்றோரமாகத் தெற்கே க்ளென் டேல் போனேன். அமெரிக்காவில் மார்க்ஸ் கம்பெனிக்கு இருந்த மூன்று பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று இந்தச் சின்ன ஊரில்தான் இருந்தது, ஜானி வெஸ்ட் வார்க்கப்பட்டதும் இங்கேதான். 1972-ல் லூயி மார்க்ஸ் தன் கம்பெனியை குவேக்கர் ஓட்ஸுக்கு விற்றார், அது பிறகு ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குக் கைமாறி 1980-ல் திவாலானது. பக்கத்து மவுண்ட்ஸ்வில்லில் மார்க்ஸுக்கென்றே இருந்த மியூசியமும் 2016-ல் மூடிவிட்டார்கள். அது திறந்திருந்தபோது வராமல் போனேனே என்று இருந்தது.

போகிறவர்கள் கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், மேஜைக்காரர்களிடம் பேரம் படியும். நான் அந்த 45 டாலர் ஜானியை 30-க்கு வாங்கினேன். அவனுடைய மேல்சட்டை யாரிடமாவது உதிரியாக இருந்தால் சொல்லுங்கள், பழுப்பு நிறம்.