நேட்டிவ் கிராஷ் படிக்க ஒரு பழைய போன் போதும்

ஆண்ட்ராய்டு ஆப்பின் சி, சி++ பகுதி விழுந்துபோகும் நேட்டிவ் கிராஷின் காரணத்தைக் கண்டுபிடிக்க எந்த கோர்ஸில் சேரலாம் என்று வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். ஆண்ட்ராய்டு 4.4 ஓடும் பழைய போன் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள் என்பேன். நான் படித்தது அப்படித்தான். புதுப் போனில் சானிடைசர்கள் என்ற மெமரிப் பிழை பிடிக்கும் கருவிகள் பாதி வேலையைச் செய்துவிடும். பழையதில் லாக்கேட் என்ற லாக் பார்க்கும் கருவிதான் கதி, அதனால் லாக்கை ஒழுங்காகப் படிக்கப் பழகிவிடுவோம்.

பலர் நேராக பேக்டிரேஸுக்கு, அதாவது கிராஷ் ஆனபோது ஒன்றையொன்று அழைத்திருந்த ஃபங்ஷன்களின் பட்டியலுக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கு மேலே உள்ள சிக்னல் எண்ணையும் (எந்த வகைக் கிராஷ் என்பது) ஃபால்ட் அட்ரஸையும் (எந்த மெமரி முகவரியைத் தொட்டு விழுந்தது என்பது) முதலில் பாருங்கள். சிக்னல் 11 (தொடக்கூடாத மெமரியைத் தொட்டது) வந்து, அட்ரஸ் பூஜ்யம் என்றால் நல் பாயின்டர், அதாவது எதையும் சுட்டாத பாயின்டர். 8, 12 மாதிரி சின்ன எண் என்றால், நல் பாயின்டர் வழியாக ஒரு ஸ்ட்ரக்ட்டின் உள்ளே கை வைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆஃப்செட்டில் எந்த உறுப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். சிக்னல் 4 என்றால் அந்த பிராசஸருக்குத் தெரியாத கட்டளை. 2011இல் வந்த மோட்டோரோலா ஜூம் டேப்லெட்டின் டெக்ரா 2 சிப்பில் நியான் என்ற கூடுதல் கட்டளைத் தொகுதி கிடையாது. நியானோடு கம்பைல் செய்த லைப்ரரி அங்கே இப்படித்தான் விழும்.

பழைய போன்களுக்கே உரிய ஒன்று, ஃபால்ட் அட்ரஸில் 'டெட்பாட்' என்று படிக்கும்படி வரும் ஹெக்ஸ் எண். பார்த்தால் ஏதோ கெட்டுப்போன பாயின்டர் போலிருக்கும். உண்மையில் அந்தக் காலத்து பயோனிக், அதாவது ஆண்ட்ராய்டின் சி லைப்ரரி, தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டுமென்றே அந்த முகவரியில் எழுதும். பெரும்பாலும் ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) கெட்டுப்போனதை, அதை நிர்வகிக்கும் டிஎல்மாலாக் கவனித்ததன் விளைவு அது. அப்போது பேக்டிரேஸில் தெரியும், மெமரியை விடுவிக்கும் ஃப்ரீ அழைப்பு வெறும் சாட்சி. குற்றம் எப்போதோ, வேறெங்கோ நடந்து முடிந்திருக்கும். அந்த வரியையே உற்றுப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். அதே மெமரியை முன்பு யார் யார் தொட்டார்கள் என்று தேடுங்கள்.

படிக்க நல்ல வழி, நீங்களே கிராஷ் செய்து பார்ப்பது. டபுள் ஃப்ரீ (ஒரே மெமரியை இருமுறை விடுவிப்பது), முடிவில்லாத ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைத்துக்கொண்டே போவது), அரேயின் எல்லை தாண்டி எழுதுவது என்று ஒவ்வொன்றாக. ஓட்டுவதற்கு முன் லாக் எப்படி வரும் என்று காகிதத்தில் எழுதி வையுங்கள், அப்புறம் ஒப்பிடுங்கள். நேர்முகத் தேர்வில் ஒரு டூம்ஸ்டோனை (ஆண்ட்ராய்டு எழுதி வைக்கும் கிராஷ் அறிக்கை) நீட்டி "இதைப் படியுங்கள்" என்றால் இந்தப் பயிற்சிதான் கைகொடுக்கும்.

ஜாவாவையும் சி, சி++ கோடையும் இணைக்கும் ஜேஎன்ஐக்கு ஒரு தனிப் பயிற்சி உண்டு. ஒரு லூப்பில் ஜாவா ஸ்ட்ரிங்குகளை உருவாக்கிக்கொண்டே போங்கள், அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் லோக்கல் ரெஃபரன்ஸை விடுவிக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 8க்கு முன் இந்த ரெஃபரன்ஸ்களுக்கு 512 என்ற வரம்பு இருந்ததால் பழைய போனில் ஆப் செத்துவிடும், புதியதில் சத்தமில்லாமல் ஓடும். "என் போனில் ஓடுகிறதே" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜேஎன்ஐ தவறுகளைச் சோதிக்கும் செக்ஜேஎன்ஐயை, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் ஏடிபி வழியாக இயக்கி வையுங்கள், ரூட் தேவையில்லை.

லைப்ரரி லோட் ஆகும்போதே 'ஏடாஃப்' (எழுத்தை எண்ணாக மாற்றும் சி ஃபங்ஷன்) சிம்பல் இல்லை என்று விழுந்தால் கோடில் தேடாதீர்கள். ஏபிஐ 21க்கு (ஏபிஐ எண் என்பது ஆண்ட்ராய்டு பதிப்பின் எண், 4.4க்கு அது 19) முன் அது ஹெடரில் இன்லைனாக இருந்தது, லைப்ரரியில் தனிச் சிம்பலாக இல்லை. 21க்காக பில்ட் செய்ததை 4.4இல் போட்டால் இதுதான் நடக்கும். குறைந்தபட்ச ஏபிஐயை 19 என்று வையுங்கள். நேட்டிவ் கோடை பில்ட் செய்யும் கருவித்தொகுப்பான என்டிகேயின் ஆர்26 பதிப்பு கிட்கேட்டை (அதாவது 4.4ஐ) கைவிட்டுவிட்டது, ஆகவே ஆர்25 போதும்.

சரி, கடைசியாக ஒன்று. ஸ்டிரிப் செய்யாத, அதாவது ஃபங்ஷன் பெயர், வரி எண் போன்ற சிம்பல் தகவலை நீக்காத லைப்ரரியை ஒவ்வொரு ரிலீஸுக்கும் பத்திரமாக வையுங்கள். வேறு பில்டின் சிம்பலைக் கொடுத்தாலும் முகவரிகளை ஃபங்ஷன் பெயராக மாற்றித் தரும் என்டிகே-ஸ்டாக் கருவி ஏதாவது ஃபங்ஷன் பெயரையும் வரி எண்ணையும் காட்டக்கூடும், நம்பும்படியாகவே இருக்கும். லாக்கில் பில்ட் ஐடி (ஒவ்வொரு பில்டுக்கும் உரிய அடையாள எண்) இருந்தால் ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.