தை மழையும் அரைப் பூவும்: ஏற்காடு, நாகலூர் பக்கத்துக் காப்பிச் சரிவு

ஜனவரி 18

பழம் பறித்து முடிவதற்குள் மழை. மழைமானியில் 14 மி.மீ. மாசி, பங்குனியில் வரவேண்டிய பூ மழை தையிலேயே எட்டிப் பார்த்திருக்கிறது, அதுவும் அரைகுறையாக. அராபிகா இனக் காப்பியின் மொட்டு ஒழுங்காக விரிய 20, 25 மி.மீ. ஆவது வேண்டும். பெய்யாமலே இருந்திருந்தால் மொட்டு பாட்டுக்கு உறங்கிக் கிடந்திருக்கும். மண்வெட்டியால் கொத்திப் பார்த்தால் ஈரம் நாலு விரற்கடைதான், கீழே புழுதி.

முதல் வேலை, உதிர்ந்த பழத்தைப் பொறுக்குவது. காய்த்துளைப்பான் வண்டு அதற்குள்தான் இருக்கும். காய்ந்த பழத்தில் ஈரம் பட்டதும் வெளியே பறக்கும். பொறுக்கியதைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி, தனியாகக் காயவைக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பட்டும் என்று காத்திருந்தால் வண்டு காத்திருக்காது.

ஜனவரி 19

களத்தில் நனைந்த பார்ச்மென்ட்டை (பழத்தோல் நீக்கி, மேலோடு நீக்காத காப்பிக் கொட்டை) காய்ந்ததோடு கலக்கக் கூடாது. 4 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மணிக்கொரு தரம் கிளறல். பனி இறங்குமுன் குவித்து மூட வேண்டும். தார்ப்பாய் கொட்டைமேல் படிந்தால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். கம்பு முட்டுக் கொடுத்துத் தூக்கிக் கட்டுவது நல்லது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை மூட்டை கட்ட வேண்டாம்.

ஜனவரி 24

வெட்டவெளிச் செடிகளில் மொட்டு மெழுகுவத்திபோல் வெளுத்து நீண்டுவிட்டது. சில்வர் ஓக் நிழல்மரத்தடியில் இன்னும் பச்சை.

ஜனவரி 27

ஒன்பதாம் நாள் பூத்தது. மேல்சரிவு முழுக்க மல்லிகை வாசம். கிட்டப் போய்க் கிளையைத் திருப்பினால்தான் சங்கதி தெரிகிறது: ஒரே கணுவில் நாலு பூ முழுசாக விரிந்திருக்க, பக்கத்திலேயே மூன்று குட்டையாக, இதழ் தடித்து, பச்சை நட்சத்திரமாக நிற்கின்றன. தண்ணீர் போதாத மொட்டு இப்படித்தான் ஆகும். இவை காய் பிடிக்காது.

பூ வாடும்வரை மூன்று நாள் இந்தப் பகுதியில் தெளிப்பான், மருந்து, பழப் பறிப்பு எதுவும் வேண்டாம். அராபிகா தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கிற இனம். தண்ணீர் பட்டால் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

திறக்காத மொட்டு அடுத்த மழைக்குப் பூக்கும். ஆக, ஒரே கிளையில் இரண்டு வயதுக் காய். அடுத்த பருவத்தில் பறிப்புச் சுற்று கூடும், கூலியும் கூடும். முந்திப் பழுப்பதில் வண்டுக்கு இடம் கிடைக்கும்.

பிப்ரவரி 14

பூத்த பிறகு பிஞ்சு நிலைக்க வரவேண்டிய பின் மழை இல்லை. பூத்துப் பதினெட்டு நாளாகிறது. குட்டைத் தண்ணீர் இருக்கிறவர்கள் பூத்த பகுதிக்கு மட்டும் இப்போது தெளிப்பான் போடலாம். பூக்காத பகுதிக்கு அரைத் தண்ணீர் காட்டினால் இதே கதைதான் அங்கும். நிழல்மரக் கிளை கழிப்பதையும் தள்ளிப்போட வேண்டும். குண்டூசித் தலை அளவுப் பிஞ்சு நேர் வெயிலுக்குக் கருகிவிடும்.