சைக்ஸ்: ஒரு குடும்பப்பெயரை வரைபடத்தில் தேடிய கதை

தக்காணத்துப் புல்வெளிகளில் திரியும் கொண்டைபோட்ட சிறு வானம்பாடி ஒன்றுக்குச் சைக்ஸ் வானம்பாடி என்று பெயர். யார்க்‌ஷயரில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றி, 1832இல் தக்காணப் பறவைகளின் பட்டியலை வெளியிட்ட கர்னல் வில்லியம் ஹென்றி சைக்ஸின் (1790–1872) நினைவாக வந்த பெயர் அது. அவர் பம்பாய் அரசுக்குப் புள்ளிவிவரம் திரட்டிக் கொடுத்தவரும்கூட. ஊரையெல்லாம் எண்ணியவரின் பெயரையே எண்ணிப் பார்க்கலாமே என்ற குறும்பில் தொடங்கிய வேலை, மூன்று மாதங்களாக என் மாலைப்பொழுதுகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

1881 ஏப்ரல் 3ஆம் நாள் இரவை வைத்து எடுக்கப்பட்ட பிரித்தானிய மக்கள்தொகைக் கணக்கைப் பெயர்வாரியாகத் தேட முடியும் என்பதால், கவுண்டிவாரியாகச் சைக்ஸ்களை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதி, எல்லைக்கோடுகள் மட்டுமே உள்ள இங்கிலாந்து வரைபடத்தில் வண்ணம் தீட்டினேன். முதல் படம் வீணாயிற்று. மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் எந்தப் பெயரும் மிகுதியாகத்தான் இருக்கும் என்பதை மறந்து, வெறும் எண்ணிக்கைக்கே வண்ணம் கொடுத்திருந்தேன். 10,000 பேருக்கு எத்தனை சைக்ஸ் என்று வகுத்து மீண்டும் தீட்டியபோது லண்டன் வெளுத்து, யார்க்‌ஷயர் கறுத்தது. அந்தப் பெரிய கவுண்டியை ரைடிங் எனப்படும் அதன் மூன்று பழைய நிர்வாகப் பிரிவுகளாகப் பிரித்ததும், மேற்கு ரைடிங்கில், அதிலும் ஹடர்ஸ்ஃபீல்டைச் சூழ்ந்த கம்பளி நெசவுப் பள்ளத்தாக்குகளில், வண்ணம் திரண்டு நின்றது.

என்னை வியக்க வைத்தது இந்தத் திரட்சிதான். ஏனெனில் ‘சைக்’ என்பது வட இங்கிலாந்து வழக்கில் சிற்றோடையையும், எல்லையாக அமைந்த நீர்க்காலையும் குறிக்கும் சொல். பென்னைன் மலைச்சரிவுகளில் அத்தகைய ஓடை இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓடையோரம் குடியிருந்த ஒவ்வொருவரும் தனித்தனியே இந்தப் பெயரைப் பெற்றிருக்கலாம் என்பதால், பல மூலங்கள் இருக்கும் என்றே ஏடுகளை ஆராய்ந்தோர் கருதினர். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸும் கேத்தரின் இர்வெனும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 48 சைக்ஸ் ஆண்களில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் அமைப்பு காணப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்குக் குடும்பப்பெயரோடு சேர்ந்தே செல்லும் குரோமோசோம் அது. இன்றுள்ள சைக்ஸ் ஆண்களின் மூதாதை ஒருவரே என்று அவர்கள் முடிவுசெய்தனர்.

அந்த முடிவை நான் முழுதாக ஏற்கவில்லை. சோதித்தவை அந்தக் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களான மரபுக்குறிகளில் நான்கு மட்டுமே. தவிர, மரபியலாளர்களான டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 குடும்பப்பெயர்களைக் கொண்ட 1,678 ஆண்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரை, சில வழிகள் ஆண்வாரிசின்றி அற்றுப்போக வேறு சில பெருகுவது தற்செயலாகவே நிகழும் என்பதை அழுத்திச் சொல்கிறது. அப்படியானால், பல சைக்ஸ்கள் தோன்றி, ஒரு வழி மட்டும் தழைத்திருக்கவும் கூடும். அது ஏன் அங்கே தழைத்தது என்பதற்கு நெசவே காரணம் என்பது என் ஊகம். சிறுநிலத்தோடு வீட்டில் தறியும் வைத்துப் பிழைத்த அந்தப் பகுதியில், இளைய மகன் பிழைப்புத் தேடி வெளியூர் போகாமல் அதே பள்ளத்தாக்கில் இன்னொரு தறியை நிறுத்திக்கொள்ள முடிந்தது.

இப்போது மேற்கு ரைடிங்கின் 1379ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியலில் இருக்கிறேன். 16 வயதைக் கடந்தோரை ஊர்வாரியாகக் காட்டும் பட்டியல் அது. மணமான பெண்கள் கணவர் பெயரில் அடங்கிவிடுவதால் தலைகளை எண்ணுவதில் குழப்பம் வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், பெயருக்கு முன் நிற்கும் ‘டெல்’ என்ற ஒட்டு. ‘ஓடையைச் சேர்ந்த’ என்று பொருள்படும் ‘டெல் சைக்’ என்ற வடிவம், தந்தைவழி வந்த குடும்பப்பெயரா, வரி தண்டியவர் அடையாளத்துக்காக எழுதிய விலாசமா என்பது பட்டியலைப் பார்த்த அளவில் புலப்படுவதில்லை. அத்தகைய ஊர்களுக்கு வண்ணம் தீட்டாமல், பென்சிலால் வட்டமிட்டு மட்டும் வைத்திருக்கிறேன்.