ஸ்டிக்கரை நம்பி மின்சாரக் கணக்கு போடாதீர்கள்

வீட்டு மின்சாரக் கணக்கு போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள்: ஒவ்வொரு சாதனத்தின் ஸ்டிக்கரிலும் உள்ள வாட்டை எழுதி, ஓடும் மணி நேரத்தால் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டுவது. 1000 வாட் 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அதில் தகராறு இல்லை. ஆனால் கூட்டி வருகிற எண் பில்லோடு ஒத்துப்போவது அபூர்வம்.

ஸ்டிக்கரில் போட்டிருப்பது பெரும்பாலும் அந்தச் சாதனம் முழு வேகத்தில் ஓடும்போது இழுப்பது. எல்இடி விளக்குக்கு அது போதும், 9 வாட் என்றால் எரிகிறவரை 9 வாட்தான். பிரிட்ஜ் அப்படியில்லை, நாள் முழுக்கச் செருகியிருந்தாலும் கம்ப்ரஸர் ஒரே சீராக ஓடாது, ஏசியும் அறை குளிர்ந்ததும் அடங்கிவிடும், இவற்றை நேரத்தால் பெருக்கினால் கணக்கு எங்கேயோ போய்விடும். கெய்சருக்கு நான் நேரத்தைப் பார்ப்பதே இல்லை, தண்ணீரைத்தான் பார்ப்பேன். 15 லிட்டரை 20 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.35 யூனிட் வேண்டும், 2000 வாட் கெய்சரானாலும் 3000 வாட்டானாலும் அதேதான், பெரியது சீக்கிரம் முடிக்கும், அவ்வளவுதான். (நாள் முழுக்க ஆன் செய்தே வைத்திருந்தால் தண்ணீர் ஆற ஆறத் திரும்பச் சூடாக்கும், அது தனிச் செலவு.)

அதனால் மீட்டரில் ஆரம்பியுங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்றிருந்து, ஒரு நிமிடத்தில் 32 முறை மினுக்கினால் 0.01 யூனிட் போயிருக்கிறது, அதாவது வீடு அந்த நேரத்தில் 600 வாட் இழுக்கிறது. ஒரு சாதனத்தைப் போடுவதற்கு முன்னும் பின்னும் எண்ணினால் அது இழுப்பது தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது ராத்திரி எண்ணிக்கை: எல்லாவற்றையும் அணைத்த பிறகும், பிரிட்ஜ் சத்தமில்லாமல் இருக்கும் நேரத்திலும், விளக்கு மினுக்கும். ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், ஸ்டாண்ட்பையில் கிடக்கும் டிவி. விடாமல் இழுக்கும் ஒவ்வொரு 10 வாட்டும் ஆண்டுக்கு 87.6 யூனிட்.

பணக் கணக்கில் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லாப் முறை (யூனிட் கூடக் கூட, கூடுதல் யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவது) இருக்கிற இடத்தில், மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையால் சேமிப்பைக் கணக்கிடக் கூடாது. குறைகிற யூனிட் மேல் ஸ்லாப்பிலிருந்துதான் குறையும், அதன் விலைதான் கணக்கு. நிலைக் கட்டணம் எப்படியும் குறையாது.

அப்புறம் கார்பன். இங்கே யூனிட்டை விட, அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் பெரிய விஷயம். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கையின்படி, நிலையம் கட்டுவது முதல் எல்லாவற்றையும் சேர்த்தால், ஒரு யூனிட்டுக்கு வெளியாகும் கார்பன் (கார்பன் டை ஆக்சைடு கணக்கில்) நிலக்கரிக்கு 820 கிராம், இயற்கை எரிவாயு 490, கூரை சோலார் 41, கரைக் காற்றாலை 11 (இவை நடுமதிப்புகள்). மாதம் 200 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இது 164 கிலோவாகவும் இருக்கலாம், 2.2 கிலோவாகவும் இருக்கலாம்! நிஜமான கிரிட் (நமக்கு மின்சாரம் கொண்டுவரும் மின் வலையமைப்பு) இப்படிப் பலவற்றின் கலவை. ஆகவே எந்த எண்ணால் பெருக்கினோம் என்று சொல்லாத கார்பன் கால்குலேட்டரை மூடிவிடலாம். சொல்கிறது என்றால், அது மின்நிலையத்தில் அளந்ததா, கம்பியில் போகும் இழப்பையும் சேர்த்ததா என்று பாருங்கள், ஏனென்றால் உங்கள் மீட்டரில் 1 யூனிட் விழ, அங்கே 1 யூனிட்டுக்கு மேல் உற்பத்தியாக வேண்டும்.