கர்ப்பப்பை இறக்கம்: ஒரு வளையத்துக்காக ஏழு மாதம் அலைந்த கதை

இறங்கிய கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கப் பிறப்புறுப்புக்குள் வைக்கிற வளையத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்து, கழுவி, நானே திரும்பப் போட்டுக்கொண்டேன். எடுக்கிற, போடுகிற வேலை மொத்தம் நாலு நிமிஷம். இந்த நாலு நிமிஷ வேலையைக் கற்றுக்கொள்ள ஏழு மாதமும் மூன்று ஆஸ்பத்திரியும் ஆனது என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வயது 58, ஊர் திண்டுக்கல் பக்கம். மூன்று பிரசவம், மூத்தவளை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். கர்ப்பப்பை இறங்குவதை எங்கள் பக்கம் 'அடி இறங்கிடுச்சு' என்பார்கள். குத்தவைத்து உட்கார்ந்தால் முட்டை மாதிரி தட்டுப்படும், சாயங்காலம் ஆக ஆக இன்னும் கீழே வரும், ராத்திரி படுத்தால் உள்ளே போய்விடும். ஒண்ணுக்குப் போக வேண்டும் என்றால் விரலால் மேலே தள்ளிக்கொண்டுதான் போக முடியும். இப்படியே யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை வருஷம் ஓட்டினேன், அது என் முட்டாள்தனம்.

முதலில் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. மூன்று நிமிஷம் பார்த்தார்கள். "மூணாவது டிகிரிம்மா, கர்ப்பப்பையை எடுத்துடலாம்." எடுத்த பிறகு எத்தனை நாள் கனம் தூக்கக் கூடாது என்று கேட்டேன். மூன்று மாதம் என்றார். என் மாமியாருக்கு 86 வயது, இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். நானும் வீட்டுக்காரரும்தான் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். மூன்று மாதம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவருக்கு முதுகெல்லாம் படுக்கைப்புண் வந்துவிடும். வளையம் போடுவார்களே, அது முடியாதா என்றேன். "அதெல்லாம் ஆபரேஷன் தாங்காத கிழவிங்களுக்கு" என்று அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். கீழே இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் அதற்குள் என் பெயரில் ஆபரேஷன் பேக்கேஜ் போட்டு வைத்திருந்தாள். வளையத்துக்கு கார்டு செல்லுமா என்று கேட்டதற்கு, அட்மிட் ஆனால்தான் செல்லும், ஓ.பி.யில் செய்வதற்குக் கிடையாது என்றாள். அப்புறம் பத்து நாள் விடாமல் போன், "ஆபரேஷன் தேதி ஃபிக்ஸ் பண்ணலாமா மேடம்?"

ஆபரேஷன் தப்பு என்று சொல்ல வரவில்லை. என் நாத்தனார் செய்துகொண்டு நன்றாக இருக்கிறாள். ஆனால் வேறு வழியும் இருக்கிறது என்று ஒரு வார்த்தை அவர்கள்தானே சொல்லியிருக்க வேண்டும்? வளையத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததே எங்கள் அப்பத்தாவால்தான், அதுவும் நல்லவிதமாகத் தெரிந்துகொண்டதில்லை. அப்பத்தாவுக்கு யாரோ வளையம் போட்டுவிட்டார்கள். எப்போது வந்து மாற்ற வேண்டும் என்று சொன்னார்களோ இல்லையோ, அவள் திரும்பப் போகவேயில்லை. ஐந்தாறு வருஷம் கழித்து நாற்றமும் ரத்தமுமாக ஆனபோது தூக்கிக்கொண்டு ஓடினோம். வளையத்தைச் சுற்றிச் சதை வளர்ந்து மூடியிருந்ததால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள். எனவே வளையம் வேண்டும் என்று கேட்கப் போகும்போதே, எப்படி எடுப்பது என்ற கேள்வியும் மனசில் இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கத்தான் இவ்வளவு நாள் ஆனது.

இரண்டாவதாக ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி. காலையில் ஆறு மணி பஸ், பத்தரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். பார்த்த டாக்டர் நல்லவர், வளையம் போடலாம், வெளியே வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சீட்டு எழுதினார். சீட்டில் 'பெசரி' என்று மட்டும் இருந்தது. மெடிக்கல் ஷாப் பையன் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை அட்டையை நீட்டினான், கூடவே ஒரு பிளாஸ்டிக் குழல். நானும் இதுதான் போல என்று வாங்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த சிஸ்டர் சிரித்துவிட்டார். பூஞ்சைத் தொற்றுக்கு உள்ளே வைக்கிற மாத்திரைக்கும் பெசரி என்றுதான் பெயராம்! திரும்ப ஓடினால் கடையில் வாங்கிய மாத்திரையைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறான், ஓ.பி.யும் பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. அன்றைய நாள் காலி. நீங்கள் போனால் சீட்டில் 'ரிங் பெசரி' என்றும், எத்தனை மி.மீ. என்றும் எழுதி வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் நேரத்தை வீணாக்க வேண்டாம், சர்ஜிக்கல் கடைக்கு நேராகப் போங்கள்.

மறுவாரம் சர்ஜிக்கல் கடையில் இருந்தது இரண்டே அளவு, 65, 80. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இன்னொரு டாக்டர் இருந்தார், அவர் 80 பெரிசு என்று சொல்லி 65-ஐப் போட்டுவிட்டார். அதாவது என் அளவைப் பார்த்துப் போடவில்லை, கடையில் இருந்த அளவைப் பார்த்துப் போட்டார். வெள்ளை நிறத்தில் கெட்டியான பி.வி.சி. வளையம். வெந்நீரில் போட்டு எடுத்தால் இளகும் என்று பிற்பாடுதான் தெரிந்தது, அன்றைக்கு அப்படியே அழுத்தினார்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து வாங்க என்றார்கள். நடந்து பார்க்கச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை, எடுப்பது எப்படி என்று கேட்டதற்கு "நீங்க தொடாதீங்கம்மா, நாங்க எடுப்போம்" என்று பதில்.

பஸ் ஸ்டாண்ட் கட்டணக் கழிப்பறையில் குத்தவைத்து உட்கார்ந்தேன். டொப். 120 ரூபாய் வளையம் போன இடம் தெரியவில்லை. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு. வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ஆகவே, வளையம் போட்டவுடன் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பவே கிளம்பாதீர்கள். அங்கேயே நடங்கள், படி ஏறி இறங்குங்கள், பலமாக இருமுங்கள், இந்தியன் டாய்லெட்டில் குத்தவைத்து ஒண்ணுக்குப் போய்ப் பாருங்கள். விழுந்தால் அங்கேயே விழட்டும்.

இதற்கு அப்புறம் இரண்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை, மனசு விட்டுப்போனது. மகள்தான் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் தன் தோழியிடம் விசாரித்து, மதுரையில் ஒரு டாக்டரம்மாவைப் பிடித்தாள். அங்கேயும் முதல் நாள் வளையம் போடவில்லை. துணி உரசி உரசி ஒரு இடம் புண்ணாகியிருந்தது, மாதவிடாய் நின்று எட்டு வருஷமானதில் உள்தோலும் மெலிந்திருந்தது. முதலில் ஈஸ்ட்ரியால் என்கிற ஹார்மோன் கிரீம் மூன்று வாரம், அப்புறம்தான் வளையம் என்றார். கிரீம் எழுதுவதற்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா என்று கேட்டார். உங்களிடம் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்னொரு வெட்டிப் பயணமா என்று அன்றைக்குக் கோபம்தான் வந்தது, இப்போது பார்த்தால் அவர் செய்ததுதான் சரி.

மறுமுறை போனபோது ஒரு டிராயரைத் திறந்து காட்டினார். காளான் மாதிரி ஒன்று, கனசதுரம் மாதிரி ஒன்று, வளையத்திலேயே நாலைந்து அளவு. பழைய கிரேக்கர்கள் பாதி மாதுளம்பழத்தை வைத்தார்களாம், சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கியிருந்ததால், நடுவில் சவ்வு வைத்த சிலிக்கான் வளையம் என்று முடிவானது. 70 போட்டார், இருமியதும் கீழே வந்தது. 80 போட்டார், கச்சிதமாக நின்றது, நானும் சந்தோஷப்பட்டேன். மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்து ஒண்ணுக்குப் போகச் சொன்னார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு சொட்டு வரவில்லை. பெரிய அளவு சிறுநீர்க்குழாயை அழுத்துகிறது, இதோடு வீட்டுக்குப் போயிருந்தால் ராத்திரி சிறுநீர் எடுக்க டியூப் போட ஓடியிருப்பீர்கள் என்றார். கடைசியில் 75. சுற்றி ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும், உள்ளே இருப்பதே தெரியக் கூடாது, அதுதான் சரியான அளவாம். வளையத்துக்கு மட்டும் 2,400 ரூபாய் ஆனது.

அப்புறம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். என் கையாலேயே, இரண்டு தடவை. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பத்தா ஞாபகம். பிரிட்டனில் 340 பெண்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள் என்று மகள் பின்னால் சொன்னாள், டாப்ஸி என்று பெயர், 2023-இல் வெளிவந்தது. தாங்களே எடுத்து மாட்டியவர்களுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் மாட்டியவர்களுக்கும் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசமில்லை, தாங்களே செய்தவர்களுக்குத் தொந்தரவுகள் குறைவு. "நீங்க தொடாதீங்கம்மா" என்று சொன்னவரிடம் இதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் போல இருந்தது.

வீட்டில் முதல் தடவை எடுக்கும்போது வசமாக மாட்டிக்கொண்டேன். ராத்திரி பதினோரு மணி, விரலுக்கு எட்டுகிறது, வழுக்கிக்கொண்டு போகிறது. பயத்தில் நானே இறுக்கிப் பிடித்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. கதவுக்கு வெளியே வீட்டுக்காரர், "ஆட்டோ கூப்பிடவா? ஆட்டோ கூப்பிடவா?" பேசாமல் இருங்கள் என்று ஒரு அதட்டு போட்டுவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து மலம் கழிப்பதுபோல முக்கினேன். விளிம்பு தானாகக் கீழே வந்தது, ஆள்காட்டி விரலைக் கொக்கி மாதிரி மாட்டி இழுத்தேன், வந்துவிட்டது. திரும்பப் போடும்போது இன்னொரு கூத்து, மடங்கவே மாட்டேன் என்றது. சவ்வு வைத்த வளையம் எல்லாப் பக்கமும் மடங்காது. விளிம்பில் இரண்டு இடத்தில் பள்ளம் மாதிரி இருக்கும், அங்கே பிடித்து மடக்கினால்தான் பாதி நிலாவாக மடங்கும். விரலுக்கு எட்டாதவர்கள் பல் இடுக்கு நூலை அதில் கட்டி வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னார், எனக்குத் தேவைப்படவில்லை.

வாரம் ஒரு ராத்திரி எடுத்து, சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, காலையில் போட்டுக்கொள்கிறேன். டெட்டால் கிட்டால் எதுவும் போடாதீர்கள், உள்தோல் எரிந்துபோகும். வளையத்தின் நுனியில் தடவ தண்ணீரில் கரைகிற ஜெல்லி போதும். லேசான வெள்ளை திரவம் வரும், அது பரவாயில்லை. நாற்றமோ பச்சை நிறமோ ரத்தமோ வந்தால் வளையத்தை எடுத்து வைத்துவிட்டு டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டாவது மாதம் ஒரு துளி ரத்தம் பட்டது, ஓடினேன், சின்ன உரசல்தான், இரண்டு வாரம் வளையம் இல்லாமல் கிரீம் மட்டும் போட்டதில் ஆறிவிட்டது.

ஒன்று மட்டும் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. வளையம் போட்டபின் தும்மினால், இருமினால் சிறுநீர் கசிகிறது! முன்பு இல்லாதது. இறங்கியிருந்தபோது குழாய் மடிந்து அடைத்துக்கொண்டிருந்ததாம், வளையம் நிமிர்த்தியதும் ஒளிந்திருந்த கசிவு வெளியே தெரிகிறது. அதற்கு இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், பாதி குறைந்திருக்கிறது. மலச்சிக்கலும் ஆகாது, வாரம் இரண்டு நாள் வாழைத்தண்டு, முக்குகிற வேலையே இல்லை. வளையத்தை எடுக்கும்போது தவிர.

போன ஞாயிற்றுக்கிழமை கழுவி, துண்டில் வைத்துக் காயவிட்டிருந்தேன். மாமியார் கட்டிலில் இருந்தபடி பார்த்துவிட்டு, "என்னத்தா அது, ரப்பர் வளையலு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், உன் வீட்டுக்காரன் பிறந்ததிலிருந்து எனக்கும் உண்டு, துணியைச் சுருட்டிக் கோமணம் மாதிரி கட்டிக்கொண்டேதான் களை எடுத்தேன் என்றார். படுத்த படுக்கையானதும் உள்ளே போய்விட்டதால், தினமும் துடைத்துவிடுகிற எனக்குக்கூடத் தெரியவில்லை. அடுத்த மாதம் செக்கப்புக்கு மதுரை போகும்போது அவருக்கும் சேர்த்துக் கேட்டுவர வேண்டும்.